குண்டுகரிச்சான் பாடி முடிக்கும்வரை

பதுளைக் கடைத்தெருவில் இன்று ஒரு கேசட் கடைக்காரர் நாடாவைப் பின்னோக்கி ஓட்டினார். கீச்கீச்சென்று அந்தத் தலைகீழ்ச் சத்தம் கேட்டதும், வாங்க வந்த சவர்க்காரக் கட்டியைக்கூட மறந்து திரும்பிவிட்டேன். நீ போய் ஆறு வருடமாகியும் இப்படித்தான் இருக்கிறேன்.

பல்கலைக்கழக லீவுக்கு வரும்போதெல்லாம் நீயும் பறவைப் பாட்டை இப்படித் திருப்பிப் போட்டுக் காட்டுவாய். அங்கே ஆய்வுக்கூடத்தில் குண்டுகரிச்சானின் மூளைக்குள் முடியைவிட மெல்லிய கம்பியை இறக்கி, ஒரே ஒரு நரம்பணுவின் துடிப்பை ஸ்பீக்கரில் கேட்பீர்களாமே. வெறும் விசிலுக்கு அது அசையாது. அதன் பாட்டைப் போட்டால் படபடவென்று பொரியும். அதே பாட்டைத் தலைகீழாக ஓட்டினால் மறுபடியும் சும்மா கிடக்கும். "சத்தமெல்லாம் அதேதான்டி. வரிசை மாறுனா அதுக்குப் பாட்டு இல்ல," என்றாய். பாவம் அந்தக் குருவி என்று நான் திட்டினேன். "நம்ம மூளையிலயும் அப்படி ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். அது எந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கோ," என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஆடியில் நமுனுகுல மலையடிவாரத்தில் நிலைமை சரியில்லை. தமிழரைத் தேடித் தேடி அடிக்கும் கலவரம். டவுனில் கடைகள் பூட்டிக் கிடந்தன. பஸ் நின்று இரண்டு நாள். தோட்டத்துக் கங்காணி நம் லயத்து வீட்டு வாசலில் நின்று, "மலைப்பக்கம் போகாதீங்க புள்ளைகளா, காலம் கெட்டுக் கெடக்கு," என்றார். உனக்கோ ஒரு சுத்தமான பாட்டு கிடைத்தாக வேண்டும். மனிதக் குரல் கலந்தால் அந்த நாடா உதவாது. "ஒரே பாட்டுடி, வந்துருவோம்." நானும் லேசுப்பட்டவளா, கிளம்பி வந்தேன்.

நாடா ஓடும்போது வாய் திறக்கக் கூடாது, கையால்தான் பேச வேண்டும் என்பது நம் கட்டுப்பாடு. நீ சவுக்கு மரத்தடியில் மைக்கை நீட்டி, ஹெட்போனை மாட்டிக் கண் மூடி உட்கார்ந்திருந்தாய். நான் கீழே பாதை வளைவில் காவல். முதலில் மைனாக்கள் கலைந்தன. அப்புறம் உனக்குப் பின்னால், மேட்டு ரோட்டிலிருந்து பொல்லுத் தடியும் கத்தியுமாக ஆட்கள் இறங்குவதைக் கண்டேன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். நீ கண் திறக்கவில்லை. குண்டுகரிச்சான் பாடிக்கொண்டேயிருந்தது.

நான் கத்தவில்லை. பாட்டு கெட்டுவிடுமே என்றுதான் முதலில் வாயை மூடியிருந்தேன், சத்தியமாக. எத்தனை வருடப் பழக்கம்! அவர்கள் கிட்ட வந்ததும் அது பயமாகிவிட்டது. தேயிலைச் செடிகளுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டேன். எல்லாம் அடங்கி நான் எழுந்து வந்தபோது உனக்கு மூச்சில்லை.

உன்னைப் புதைத்த அன்று உன் அம்மா என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "நீ அவளக் கூப்புட்டியா புள்ள?"

"கூப்புட்டேன் பெரியம்மா. காதுல மாட்டியிருந்ததால அவளுக்குக் கேக்கல," என்றேன்.

கத்தியிருந்தால் என் குரல் மைக் வழியாக நேரே உன் காதுக்குள் வந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். இன்றும் என்னைக் கண்டால், "நீயாவது கூப்புட்டியே தாயி," என்று தலையைத் தடவுகிறார். நானும் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன்.