குதிரைக்கால் துணிக்குக் கஞ்சி

என் உயிரான அண்ணே,

உனக்கு நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதி முடித்தாயிற்று. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வருகிறவர்கள் கையைப் பிடிக்கிறார்கள். பிடித்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சோற்றில் உப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரிவதில்லை. உனக்கு அங்கே எப்படி இருக்கிறது?

இரண்டு வாரத்துக்கு முன் சேலை மூட்டையோடு நம் குதிரையில் ராஜபாளையத்திலிருந்து வத்திராயிருப்புக்குப் புறப்பட்டேன். மலையடிவாரப் பாதையின் கல்லும் முள்ளும் நீ அறியாததா? உன் தலைப்பாகையை அள்ளிச் சுற்றிக்கொண்டு ஓடுகிற ஆள் நீ. குதிரையின் முழங்காலுக்குக் கீழே துணி சுற்ற மட்டும் உனக்கு அவசரமே கிடையாது. நானும் உன்னைப்போலவே முடிச்சை வெளிப்பக்கம் வைத்துச் சுற்றினேன்.

சீவில்லிபுத்தூர் தாண்டுவதற்குள் குதிரை விந்தியது. பிரித்துப் பார்த்தால் நாலு காலிலும் துணியின் ஓரம் அறுத்து ரத்தம். துணி ஓலை மாதிரி விறைத்திருந்தது. முகர்ந்தேன், கஞ்சி வாடை.

மதினிதான். உன் தலைப்பாகைக்குக் கஞ்சி போட்டே பழகிய கை. உனக்காக இத்தா இருப்பதால் நாலு மாசம் பத்து நாள் வாசலுக்கு வர முடியாது. குதிரைத் துணியையாவது துவைப்போம் என்று துவைத்து, கஞ்சியும் போட்டு மடித்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார். சுற்றும்போது அந்த விறைப்பு எனக்கு உறைக்கவே இல்லை. என் கை அப்படி மரத்துக் கிடக்கிறது.

லாடம் அடிக்கிறவர் பார்த்துவிட்டு, "புண்ணுல சீழ் வச்சுச்சுன்னா குதிரைய மறந்துருங்க" என்றார். குதிரை தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதைதான் நமக்கு. உன்னோடு இதுவும் போனால், போனது தன் கையால் என்று தெரிந்தால், மதினி தாங்குவாரா? மூட்டையை ஒரு கடையில் போட்டுவிட்டு, ஏறாமல் கூடவே நடந்து வீடு திரும்பினேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து மதினி கேட்டார். "குளம்புச் சத்தம் சரியில்லையே தம்பி. துணி கழண்டுருச்சா?"

"கல்லு குத்திருச்சு மதினி. துணி நல்லாத்தான் நின்னுச்சு."

"அவிய எப்பவும் தலப்பாவுக்குக் கஞ்சி பத்தலம்பாக. இனி கெட்டியாவே போட்டுத் தாரேன்."

உன்னை எடுத்துப்போன பிறகு அவர் இம்புட்டுப் பேசி நான் கேட்டதில்லை. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா? நீயாக இருந்தால் சொல்லியிருப்பாயா?

மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுப் புண் ஆறிவிட்டது. கால் பிழைத்தது. இன்று காலை மறுபடியும் புறப்பட்டோம். மதினி கொடுத்த துணி பலகையாக இருந்தது. ஊர் தாண்டியதும் ஓடையில் உட்கார்ந்து அலசினேன். கஞ்சி வெள்ளையாகக் கரைந்து போனது. பாறையில் விரித்துவிட்டு, காய்கிற வரைக்கும் குதிரையும் நானும் சும்மா நின்றோம். அப்போதும் அழுகை வரவில்லை.

அவர் போட்டுத் தருகிற காலமெல்லாம் நான் அலசிக்கொள்வேன், அண்ணே. போட வேண்டாம் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

உன் கூடப்பிறந்த
தம்பி