மதினியின் மூன்று விரல்கள்

என் அண்ணன் கைப்பிடித்து வந்த தங்கமே, என் மதினி,

வருகிற பங்குனியோடு நீங்கள் போய் ஒரு வருசம். அன்றைக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, சிவகாசியில் அச்சடித்து வாங்கலாம் என்று இதை எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. கோணல் எல்லாம் அச்சில் நேராகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

முதலில் சேதி. நம்ம பேத்தி முத்துமாரி பட்டாளத்து டாக்டர் வேலையை விட்டு வந்துவிட்டாள். பதறாதீர்கள். யாரும் அனுப்பிவிடவில்லை. மதுரையில் மேல்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். தீப்பட்டு ஒட்டிப்போன கையையும் கழுத்தையும் பிரித்துச் சரிசெய்கிற படிப்பு.

ஆமாம் மதினி, அந்தப் படிப்புத்தான்.

வாசிக்கிறவர்களுக்கு உங்கள் கையைப் பற்றித் தெரிய வேண்டுமே. ஏழாயிரம்பண்ணையிலிருந்து நாம் இருவரும் ஒரே வேனில் பட்டாசுக் கம்பெனிக்குப் போனோம். வெடிமருந்து அறை வாசலில் செம்புத் தகடு இருக்கும். அதைத் தொட்டு, உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். அன்றைக்கும் நீங்கள் தொட்டுவிட்டுத்தான் போனீர்கள். பக்கத்து அறையில் பிடித்த தீக்கு அதெல்லாம் தெரியுமா? உயிர் தங்கியது. வலது கையில் மூன்று விரல்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

அண்ணனும் இல்லை என்று எங்களோடு வந்து இருந்தீர்கள். நானும் மகனும் மருமகளும் வேலைக்குப் போக, முத்துமாரியை வளர்த்தது அந்தக் கைதான். அவளுக்குச் சடை பின்ன மூன்று கால் பிரித்து, ஒரு காலைக் கட்டைவிரலுக்கும் ஒட்டின விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வீர்கள். மற்ற இரண்டையும் அவள் மாற்றி மாற்றிப் போடுவாள். பள்ளிக்கூடத்தில் அம்புட்டு இறுக்கமான சடை வேறு யாருக்கும் இல்லை.

டாக்டராகிப் பட்டாளத்துக்குப் போனவள், பனிமலையிலிருந்து ஒருமுறை லீவில் வந்தாளே, நினைவிருக்கிறதா? உங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆச்சி, அங்கன குளிரும் சுடும். பையங்களுக்கு விரலெல்லாம் கருத்துப் போயிருது. பாக்கும்போதெல்லாம் ஒங்க கை ஞாபகந்தான்."

"ஏட்டி, அப்ப இதைப் பிரிச்சு விடேன்."

"எனக்கு அந்த வேலை தெரியாது ஆச்சி. தெரிஞ்ச டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க."

"வேற எவன் கையிலயும் இதைக் குடுக்க மாட்டேன். நீ போயிப் படிச்சிட்டு வா. நான் எங்க போயிறப் போறேன்?"

எல்லாரும் சிரித்தோம். அடுத்த லீவுக்கு அவள் வரும்போது நீங்கள் இல்லை. காய்ச்சல் என்று படுத்தீர்கள், அவ்வளவுதான். மலையிலிருந்து இறங்கி அவள் வந்து சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. வாசலில் உட்கார்ந்து தன் சடையைப் பிரித்துப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள்.

பட்டாளத்திலேயே இருந்தால் இன்னும் மேலே போகலாம் என்றார்களாம். நம்ம மகனுக்கும் அதுதான் ஆசை. "கேப்டன்னு சல்யூட் அடிக்காங்க. அதை விட்டுட்டு மறுபடி பள்ளிக்கூடப் பிள்ள மாதிரிப் புத்தகத்தைத் தூக்கப் போறியா? கல்யாணம் எப்பப் பண்ண?" என்று கத்தினான்.

"ஆச்சிக்குச் செய்ய முடியலப்பா. வேனில போற மத்தவகளுக்காவது செய்யணும்ல?" என்றாள். மறுநாள் அவனே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வந்தான்.

இப்போது போனில் புலம்புகிறாள். "அப்பத்தா, என் சீனியர் என்னைவிட வயசுல சின்னவ. 'கட்டு மாத்திட்டியா, மாத்திட்டியா'ன்னு வெரட்டுறா. நானும் 'மாத்திட்டேன் மேடம்'ங்கேன்."

"சல்யூட் அடிச்சிராத," என்றேன்.

"ரெண்டு தடவ அடிச்சிட்டேன்!"

இன்னொன்றும் சொன்னாள். ஆபரேஷன் அறைக்குள் போகும் முன்னே, கை கழுவுவதற்கு முன்னாலேயே, வாசல் நிலையை ஒருமுறை தொட்டுக்கொள்கிறாளாம். எதற்கு என்று கூட இருப்பவர்கள் கேட்டார்களாம். அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. கம்பெனியை விட்ட பிறகும் வீட்டு நிலையைத் தொடாமல் நீங்கள் உள்ளே வந்ததே இல்லையே. இடுப்பில் இருந்தவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மதினி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? வலிக்கிற கையால் பிள்ளை வளர்த்துக் கொடுத்தீர்கள். அந்தக் கைதானே அவளுக்கு வழியும் சொன்னது?

தெற்குத் தெரு அன்னலட்சுமி இன்னும் ஒட்டின கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டுதான் வேனில் ஏறுகிறாள். முத்துமாரியிடம் சொல்லியிருக்கிறேன். "இப்பவே மதுரைக்குக் கூட்டிட்டு வாங்க அப்பத்தா, பெரிய டாக்டர் செய்வாரு, நான் பக்கத்துல நிப்பேன்" என்றாள். அடுத்த வாரம் போகிறோம். ஆனால் எனக்கு அது போதாது. நம்ம பிள்ளை தன் கையால் பிரித்துவிடுகிற முதல் கையை நான் பார்க்க வேண்டும். அதற்கு இன்னும் அஞ்சாறு வருசம் ஆகுமாம். ஆகட்டும். விரல் விரலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உங்களிடம் சொல்கிறேன்.

அதுவரைக்கும் என்னை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

உங்களோடு ஒரு நாளும் சண்டை போடாமல் தூங்காத நாத்தனார்,
பேச்சியம்மாள்