கொம்பில்லாத குதிரை

பாளையங்கோட்டை,
9-8-1996

மதிப்பிற்குரிய டெல்பின் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் வாய்மூடி இருந்தது போதும். உங்கள் தகப்பனார் டாக்டர் தொம்மை தொடங்கிய குதிரைக் காப்பகத்தில் நடப்பதைக் கேட்டுக்கொண்டு இனியும் பேசாமல் இருக்க என்னால் ஆகாது. பெங்களூரில் இருந்தாலும் அதன் தலைவர் நீங்கள்தான்.

பொன்விழா மலர் உங்களுக்கு வந்திருக்கும். பதினான்காம் பக்கத்துப் படத்தில் செயலாளர் ஆவுடைநாயகம் மாலையோடு நிற்கிறார். பக்கத்தில் வெட்டுப்பட்டு ஒரு முழங்கை தெரிகிறது. இருபத்தோரு வருடம் அங்கே எழுத்தராக இருந்தவனின் முழங்கை அது. போகட்டும்.

விழாவுக்காக வாசலில் சிமெண்டில் ஒரு போர்க்குதிரை எழும்புகிறது. அது எந்தக் காலைத் தூக்கி நிற்பது என்று குழு மூன்று முறை கூடிப் பேசியது. யுத்தத்திலிருந்து வந்த கடைசிக் குதிரை நீங்கள் கல்லூரியில் படிக்கும்போதே செத்துவிட்டது. பன்னிரண்டு கொட்டில்களிலும் இப்போது பந்தல்கால்களும் நாற்காலிகளும் கிடக்கின்றன. வருகிற 18ஆம் தேதி விழா மேடைக்காக அவற்றையும் இடிக்கப் போகிறார்கள்.

போன திங்கட்கிழமை இசக்கித்தாய் என்ற அம்மாள் தன் செவலைக் குதிரையை வாசலுக்கு நடத்தி வந்தாள். அவள் புருஷன் பேர் பாபநாசம். நம்மூர் பஸ் ஸ்டாண்டில் கடைசிவரை குதிரை வண்டி ஓட்டியவன், பங்குனியில் இறந்துபோனான். குதிரையின் முன்னங்கால் குளம்பு வெடித்துப் புரையோடி இருக்கிறது. ஆவுடைநாயகம் விதிப் புத்தகத்தைப் பிரித்து, "இங்கன போர்க்குதிரைக்குத்தான் இடம். இது எந்தப் போருக்குப் போச்சு?" என்று கேட்டார். அவள், "ஆட்டோக்காரனுவளோட இருவது வருசம் நடத்துன போரை அண்ணாச்சி பாக்கலியா? செயிச்சிருந்தா ஒங்க வாசலுக்கு ஏன் வாரோம்?" என்றாளாம். கேட்டை மூடிவிட்டார்கள். அவளும் போகவில்லை. கேட் கம்பியில் குதிரையைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். சிமெண்டுக் குதிரைக்கு வெயில் படாமல் ஓலைப் பந்தல் போட்டிருக்கிறார்கள். செவலைக்கு அதுவும் இல்லை. கால்நடை மருத்துவர், நிழலில் கட்டித் தினமும் மருந்து வைத்தால் பிழைக்கும், இப்படியே விட்டால் பத்து நாள் தாங்காது என்கிறார்.

யுத்தத்தில் பட்டாளத்துக் குதிரை வைத்தியராக இருந்து பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது நடக்க முடியாத குதிரைகளைத் தன் கையாலேயே சுட வேண்டிவந்ததை உங்கள் தகப்பனார் ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவை என்ன குதிரைகள் என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "குண்டைச் சுமந்தா போர்க்குதிரை, அரிசியச் சுமந்தா பாரக்குதிரை. அதுக்கு ரெண்டும் மூட்டைதாம்லே" என்றார். அந்தப் பாவத்துக்காகத்தான் காப்பகம் கட்டினார். மலரில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இனி எழுதுவதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். அவர் கைப்பட எழுதிய மூல விதி உங்கள் பெட்டியில் இருக்கும். மூன்றாம் பக்கம் பாருங்கள். 'போர்க்குதிரைகளுக்கும் பாரக்குதிரைகளுக்கும்' என்று இருக்கும். அவர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்து எழுதுபவர் இல்லை. 'ர்' மேல் புள்ளி போனால் இரண்டு சொல்லுக்கும் 'போ'வுக்கு முன்னால் போடும் ஒரு கொம்புதான் வித்தியாசம், அந்தக் கொம்பும் அவர் கையில் ஒரு கீறல். அவர் இறந்த மறு வருடம் பதிவுக்காகத் தட்டச்சு செய்தவன், ஒரே சொல்லை மறதியாக இரண்டு முறை எழுதிவிட்டார் என்று நினைத்து ஒன்றை எடுத்துவிட்டான். பிழை திருத்தியதற்காகக் குழு அவனைப் பாராட்டவும் செய்தது. அந்தப் பாராட்டை இழக்க மனமில்லாமல், அவர் சொன்னது நினைவுக்கு வந்த பிறகும் இத்தனை வருடம் அவன் வாய் திறக்கவில்லை.

ஆவுடைநாயகத்தின் மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. ஆனால் அவர் கையில் இருக்கும் விதி நான் அடித்துக் கொடுத்தது.

மூலத்தைப் பாருங்கள். பார்த்ததும், குதிரையை உள்ளே விடு என்று ஒரு தந்தி கொடுங்கள். 18ஆம் தேதிக்குப் பிறகு விட்டுக் கட்ட ஒரு கொட்டில்கூட இருக்காது. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வாயில்லா ஜீவனின் புண்ணியம் துணையிருக்கட்டும்.

அடியில் பெயர் எழுதி, பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை மறுபடி எழுதியிருக்கிறேன். பெயர் இருந்தால் ஆவுடைநாயகம் "பழைய பகை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். குதிரை வெளியிலேயே நிற்கும். மொட்டைக்கடிதம் என்றால் எழுதிய ஆளை வைத்துத் தள்ள முடியாது, நீங்கள் மூலத்தைப் பார்த்தே ஆகவேண்டும். தட்டச்சுப் பிரதியின் இடது ஓரத்தில், அடித்தவனின் தலைப்பெழுத்து இரண்டும் சிறியதாக இருக்கும். எனக்கு அந்த இடம் போதும். இதைக் கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.