இடது தோளுக்குப் பின்னால்

வில்லரே, மொன்றியல்
மார்கழி 2006

அன்புள்ள இஞ்சாரும்,

உமக்கு விசா கிடைத்த சந்தோசத்துக்குள் இதை எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் உதைபந்தாட்டக் கழகப் பயிற்றுநர் ரெனாட்டோ போய்விட்டார். இத்தாலியில் நடுக்களத்தில் ஆடிய மனிதர். வலது முழங்கால் உடைந்தபிறகுதான் இங்கே வந்து எங்களைப் பழக்கினார். அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். பந்து வருவதற்கு முன்பே இடது தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும் என்று அவர் கத்திக் கத்தியே, எனக்கு அது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

அடக்கம் முடிந்து சவக்காலையிலிருந்து பனிக்குள் நடந்து வரும்போது, எங்கள் கழகத்துக் கணேசலிங்கம் அண்ணை மெதுவாகச் சொன்னார்: “தம்பி, சவக்காலையாலை போகேக்கை திரும்பிப் பார்க்கப்படாது. பின்னாலை வந்திடுவினம்.”

எனக்குத் தெரியாததா? ஆனாலும் வாசலடியில், யாரோ பந்தை உருட்டிவிட்டது போலக் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது.

பின்னால் ஒருவரும் இல்லை. பனியில் என் காலடிகளோடு இன்னொரு சோடிக் காலடி வந்திருந்தது. அதில் வலது கால் இழுபட்டிருந்தது.

இனிமேல் கழகத்துக்கு நான்தான் பயிற்றுநராம். சாப்பிடுகிறேன், நித்திரையும் வருகிறது. யோசிக்க வேண்டாம்.

தையில் வந்து இறங்கியதும் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு நடவும். இடது பக்கம், பின்னால் மட்டும் வர வேண்டாம். அங்கே ஆள் இருக்கிறார்.

நீர் கூப்பிடும் உம்முடைய,
இஞ்சாருங்கோ