நவம்பர் பதினாலும் என் மோதிர விரலும்

அண்ணாத்தே,

இன்று காலை கடை வாசலில் லேப் பொண்ணு பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றினாள். அதே நேரத்தில் உள்ளே மாஸ்டர் மைசூர்பாகுக்கு நெய்யைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு வாசனையும் கல்லாவுக்கு நேரே வந்து முட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரியில் நெய் மணக்காது. ஸ்வீட் ஸ்டாலில் ஸ்பிரிட் மணக்காது. இரண்டும் ஒன்றாக மணந்தால் அது நவம்பர் பதினாலு, அம்பத்தூர், நம்ம கடை. மகளைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். நல்ல வியாபார நேரம்தான், இருந்தாலும் பரவாயில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்களோடு நான் முதலில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் நட்பு இல்லை, லாபம். சைக்கிளில் கமர்கட்டும் தேங்காய் மிட்டாயும் கட்டிக்கொண்டு ஆவடி குவார்ட்டர்ஸ் தெருக்களைச் சுற்றிய காலத்திலேயே உங்களைத் தெரியும். நீங்கள் பாக்டரி ஸ்டோர்ஸில் வேலை பார்த்த தென்காசிப் பக்கத்து ஆள். பிறகு நான் இங்கே கடை போட்டேன். நீங்கள் ரிட்டயர் ஆகி, அண்ணியோடு கொரட்டூருக்குக் குடி வந்தீர்கள். தினமும் சாயங்காலம் வந்து நிற்பீர்கள். வாங்குவது நூறு கிராம் காராசேவு, பேசுவது ஒரு மணி நேரம்.

"இன்னைக்கு என்ன நாள் தெரியுமா வே?" என்றுதான் ஆரம்பம். எந்தப் போர் முடிந்தது, எந்தப் பாலம் திறந்தார்கள், யார் எதைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு அதெல்லாம் ஈ ஓட்டுகிற நேரத்துப் பேச்சு. ஒரு மே மாதம் "நாளைக்கு நர்சுமாருக்கு உள்ள நாள்" என்றீர்கள். எனக்கு உள்ளே மணி அடித்தது. மறுநாள் விடிந்ததும் சாம்பிள் பெட்டியோடு மூன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். இரண்டில் ஆர்டர் கிடைத்தது. அதற்குப் பிறகு நீங்கள் வாயைத் திறந்தால் நான் பேனாவைத் திறந்தேன். செப்டம்பரில் பொறியாளர் தினத்துக்குத் திருமழிசைப் பட்டறைகளுக்கு லட்டு வண்டி போனது. "நான் சரித்திரம் சொல்லுதேன், நீரு சரக்கு ஏத்துதீரு" என்று சிரித்தீர்கள். அதில் குத்தலும் இருந்தது, பெருமையும் இருந்தது.

எங்கள் தொழிலில் நவம்பர் பதினாலு பெரிய நாள். குழந்தைகள் தினம். பள்ளிக்கூடங்களுக்கே பொட்டலம் கட்டி மாளாது. அப்படி ஒரு நவம்பரில், தேதி நெருங்கும்போது, உங்கள் வழக்கமான சிரிப்பு இல்லாமல் வந்து நின்றீர்கள்.

"பதினாலாம் தேதி இன்னொரு நாளும் இருக்கு வே. உலக சர்க்கரை நோய் தினம். இன்சுலின் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தர் பிறந்த நாளு. அன்னைக்கு உம்ம கடை வாசல்ல ஒரு மேசை போட்டு, வாறவங்களுக்குச் சும்மா சுகர் பாத்துச் சொல்லணும்."

"இன்னாண்ணாத்தே, என் கடை வாசல்லியே எனக்கு சங்கு ஊதுறியா? ஆஸ்பத்திரி வாசல்ல போய் போடு."

"அங்க போட்டா நோயாளிதான் வருவான். இங்க போட்டாத்தான், நோயாளின்னு தனக்கே தெரியாதவன் வருவான்."

அண்ணிக்கு இரண்டு கண்ணும் போன பிறகுதான் சுகர் இருப்பதே தெரிந்தது என்று எனக்குத் தெரியும். மேசைக்கு இடம் கொடுத்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கொடுத்தேன்.

அன்று நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. சென்னீர்குப்பத்திலிருந்து சவாரி வந்த ஆட்டோக்காரர் ஒருவர் விரலைக் கொடுத்தார். 'நார்மல்' என்றாள் லேப் பொண்ணு. மனிதர் நேராக என்னிடம் வந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லியாம் நைனா. ஒரு அரை கிலோ ஜாங்கிரி கட்டு." அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் ஒரு குடும்பமே. சுகர் இல்லை என்று சொல்லப்பட்டவன் எல்லாம் அதைக் கொண்டாட என் கல்லாவுக்கு வந்தான். சுகர் இருக்கிறது என்று தெரிந்தவர்கள்கூட, வந்ததுதான் வந்தோம் என்று பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். நீங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

"நான் ஒரு பக்கம் ஆளைக் காப்பாத்துதேன், நீரு மறுபக்கம் பொட்டலம் கட்டி அனுப்புதீரு. இது என்ன கூட்டு வியாபாரம்வே?"

"அடுத்த வருசம் ரெண்டு மேசையா போடு அண்ணாத்தே" என்றேன்.

மேசைக்குச் சரி சொன்னேனே தவிர, என் விரலைக் கொடுக்கவில்லை. மூன்று வருஷம் தப்பித்தேன். ஒரு வருஷம் பால் வண்டி வந்துவிட்டது, ஒரு வருஷம் போன் வந்தது, ஒரு வருஷம் எதுவும் வராததால் நானே கிளம்பிப் போய்விட்டேன். காரணத்தை உங்களிடம் அப்போது சொல்லவில்லை. எங்கப்பாவுக்கு சுகரில் காலை எடுத்தார்கள். எனக்கும் சில மாதமாக எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் தீரவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் என் நாக்கைப் பற்றியது. எனக்குப் படிப்பு இல்லை, பரம்பரைக் கடை இல்லை. நாக்கு ஒன்றுதான் முதல். ஒவ்வொரு அடுப்புப் பாகையும் நான் தொட்டு வாயில் வைத்துச் சொன்ன பிறகுதான் மாஸ்டர் இறக்குவார். சுகர் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த நாக்கைப் பூட்டி வைக்க வேண்டும். தெரியாத வரைக்கும் கடை ஓடும் என்று முட்டாள்தனமாக நினைத்தேன்.

நாலாவது வருஷம் நீங்கள் மேசையை விட்டு எழுந்து, கல்லாவுக்கு உள்ளேயே வந்து, என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தீர்கள். திட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் தேதி சொன்னீர்கள்.

"இதே பதினாலாம் தேதி ஒரு ராக்கெட்டு நிலாவுக்குக் கிளம்பிச்சு வே. மூணு பேரு உள்ள. ஒரு நிமிசம்கூட ஆகலை, ரெண்டு தடவ இடி விழுந்துட்டு. விளக்கெல்லாம் கண்டபடி எரியுது. ஒருத்தன் கீழ இருந்து சொன்னான், இன்ன சுவிச்சை மாத்திப் போடுன்னு. போட்டாங்க. நிலாவுல இறங்கி நடந்துட்டு வீட்டுக்கும் வந்துட்டாங்க."

"சரி, அதுக்கு?"

"பல வருசம் கழிச்சு நம்ம கொடி போட்ட பெட்டியும் இதே பதினாலாம் தேதிதான் நிலாவுல போய் விழுந்துச்சு. நல்ல தேதி வே. ரெண்டு இடி வாங்கினவனே போயிட்டு வந்துட்டான். உமக்கு ஒரு ஊசி."

ஏன் அந்த வார்த்தைக்கு மட்டும் மசிந்தேன் என்று தெரியவில்லை. மோதிர விரலை நீட்டினேன். லேப் பொண்ணு எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு உங்களைப் பார்த்தாள். முந்நூறைத் தாண்டியிருந்தது.

"இனிமே பாகை யார்ணாத்தே பாக்கறது?" என்றுதான் எனக்கு வாயில் வந்தது. காலைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ நான் கேட்கவில்லை. நீங்களும் ஆச்சரியப்படவில்லை. "நாளைக்கு ஆள் கூட்டியாறேன்" என்று மட்டும் சொன்னீர்கள்.

மறுநாள் ஆட்டோவில் அண்ணியை அழைத்து வந்தீர்கள். அடுப்பங்கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அண்ணி வந்ததும் வராததுமாக மூக்கைச் சுருக்கினார்கள். "அண்ணாச்சி, அந்த மூலையில உள்ள நெய்யி நேத்து காச்சினது." மாஸ்டருக்கு முகம் செத்துவிட்டது, ஏனென்றால் அது நிஜம். பாகு முறுகும்போது வாசனை எங்கே மாறுகிறது, கொதிக்கிற சத்தம் எப்போது கனக்கிறது என்று ஒரு வாரம் வந்து காட்டிக்கொடுத்தார்கள். அந்த ஒரு வாரமும் நீங்கள் ஓரமாக நின்று மாஸ்டரிடம் தேதி சொல்லி அவர் வேலையைக் கெடுத்தீர்கள். இன்றுவரை நான் நாக்கில் வைக்காமல்தான் பாகு பார்க்கிறேன். வாடிக்கையாளர் யாரும் வித்தியாசம் சொன்னதில்லை. முன்னைவிடச் சரக்கு நன்றாக இருக்கிறது என்றுகூட ஒருவர் சொன்னார். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

போன வருஷம் மார்ச்சில் ஏரிக்கரை நடையை முடித்துவிட்டு வந்து, பேப்பரை விரித்த கையோடு போய்ச் சேர்ந்தீர்கள். காரியமெல்லாம் முடிந்து நான் அண்ணியைப் பார்க்கப் போனபோது, அவர்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். "தினமும் காலையில அவுக எனக்கு அன்னைக்கு உள்ள நாளை வாசிப்பாக. இப்ப யாரு வாசிப்பா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நீங்கள் இத்தனை தேதியையும் தேடித் தேடி வைத்தது யாருக்காக என்று. சாயங்காலம் என் கடையில் கொட்டியது மிச்சம்தான்.

அன்று முதல் தினமும் காலை ஏழு மணிக்கு நான் போன் போட்டு வாசிக்கிறேன். சரித்திரத்தைத் தேடி மகளிடம் தினமும் திட்டு வாங்குகிறேன். அண்ணியும் சும்மா கேட்பதில்லை, பதிலுக்கு ஒன்று கேட்கிறார்கள். "நாளு சரி. உங்களுக்குக் காலையில எவ்வளவு?" எண்ணைச் சொல்லாமல் போனை வைக்க விடமாட்டார்கள். பொய் சொன்னால் குரலிலேயே பிடித்துவிடுகிறார்கள்.

இந்த மார்ச் இருபதாம் தேதி மட்டும் ஏழு மணி தாண்டியும் எனக்குக் கை வரவில்லை. அண்ணியே கூப்பிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு நாளே கிடையாதா?"

வாசித்தேன். "உலக மகிழ்ச்சி தினம் அண்ணி. அப்புறம், சிட்டுக்குருவி தினம்."

"பொறவு?"

"அண்ணாத்தே கெளம்பின நாளு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "குருவிக்குப் பொறவா அவுகள வச்சிய? கேட்டா சண்டைக்குல்லா வருவாக." நானும் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணியோடு அத்தனை சிரிப்பு நான் சிரித்ததில்லை.

"சரி, உங்களுக்கு எவ்வளவு?"

"நூத்தி இருபத்தெட்டு."

"அதையும் அந்தத் தேதியில எழுதிப் போடுங்க. இன்னைக்கு நடந்ததுல அதுவும் ஒண்ணுதான?"

கடைக் காலண்டரில் அந்தத் தேதித் தாளைக் கிழித்துப் போடாமல் எடுத்து வைத்திருக்கிறேன் அண்ணாத்தே. அதில் வரிசையைத் திருத்திவிட்டேன். முதலில் நீங்கள். பிறகு மகிழ்ச்சி, பிறகு குருவி. கடைசியில், என் கையெழுத்தில், நூற்று இருபத்தெட்டு.