சண்முகப்ரியாவுக்கு ஊரார் வைத்த மொய்

விருத்தாசலம்
14-10-2008

அன்பு மகள் சண்முகப்ரியாவுக்கு அப்பா கொளஞ்சிநாதன் தன் கையால் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். சென்னையில் நீயும் உன் கண்ணாடித் தொட்டிகளில் இருக்கிற மீன்களும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் ஆகாதா என்று அம்மா கேட்கிறாள். போனில் பேசினால் வைத்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இந்த வயது வரைக்கும் கைநாட்டு வைத்தவன் நான். இப்போது எழுத வருகிறது என்றால் எழுதாமல் எப்படி இருப்பது. வளர்கல்வி மையத்தில் எங்களுக்குச் சொல்லித் தருகிற உபகாரமேரி டீச்சர் என் தாளைப் பார்த்து, "ஐயா, ஒங்க எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறி சவாரி போவுது, கொஞ்சம் எறக்கி வுடுங்க" என்று சிரித்தார்கள். இறக்கித்தான் எழுதுகிறேன். இதுவரைக்கும் எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

செராமிக் கம்பெனியில் வேலைக்குக் குறைவில்லை. கொலு பொம்மை ஆர்டர் முடிந்து இப்போது கப்பும் சாசரும் போகிறது. நான் வழக்கம்போல வைக்கோல் வைத்து அடுக்கிப் பெட்டி கட்டுகிறேன். மழை மட்டும் ஒரு வாரம் தள்ளிப் பிடித்தால் நல்லது. ஈரம் இருந்தால் ஒன்றும் காயமாட்டேன் என்கிறது.

இனி முக்கியமான செய்தி. இதை எழுதத்தான் நான் உட்கார்ந்தேன்.

டீ நேரத்தில் தர்மராஜ் என்னிடம், "ஒம் பொண்ணு ராத்திரி ஷிப்ட்டு வேலைய வுட்டுட்டு இப்ப என்னா பண்ணுது?" என்று கேட்டான். நீ வளர்க்கிற மீன்களைப் பற்றிக் கம்ப்யூட்டரில் பிளாக் எழுதுகிறாய் என்று சொன்னேன். "மீன வித்தா காசு, கொழம்பு வச்சு வித்தாலும் காசு. மீனப் பத்தி எழுதினா எவன்யா காசு குடுப்பான்" என்றான். சூளை வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நீ போனில் சொன்னதை அப்படியே சொன்னேன். படிக்கிறவர்கள் காசு தர வேண்டியதில்லை. எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி விளம்பரம் போடுகிறது. யாராவது அந்த விளம்பரத்தை அமுக்கிப் பார்த்தால் கம்பெனி உனக்குப் பங்கு தருகிறது. இதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

உனக்கும் அம்மாவுக்கும் உள்ள பேச்சையும் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. தைக்குள் இந்த எழுத்து உன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கட்டுப்படியாகவில்லை என்றால் பழைய வேலைக்கே போய்விடுவதாக நீ அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். அந்த வேலையில் இருந்தபோது நீ பொங்கலுக்கு வந்து பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாய். அப்போது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

கேட்டுக்கொண்டிருந்த தர்மராஜ்தான் வழி சொன்னான். ஊரில் யார் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து என்றாலும் நான் மொய் வைக்காமல் வந்ததில்லை. நம் வீட்டில் வெகுகாலமாக விசேஷம் இல்லை. திருப்பி வைக்க அவர்களுக்கு வழி இல்லாமல் இருந்தது. "இதுதான்யா ஒங்க வூட்டு விசேஷம். பந்தல் இல்ல, சாப்பாடு இல்ல, அவ்வளவுதான். ஞாயித்துக்கெழம எல்லாரும் போயி அமுக்கிட்டு வருவோம்" என்றான்.

முந்தாநாள் போனோம். ஜங்ஷன் ரோட்டில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிற ஜூடு உன்னோடு படித்தவராம். உன் பக்கத்தைத் திறந்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார். ஃபைட்டர் மீனில் ஆண்தான் நுரையால் கூடு கட்டி முட்டையைக் காவல் காக்கும் என்று எழுதியிருக்கிறாய். அம்மா என் பக்கம் திரும்பி, "மீனு கூட செய்யுது, கேட்டுக்குங்க" என்றாள். பெண்கள் எல்லாரும் அதற்குத்தான் நிறையச் சிரித்தார்கள்.

பிறகு வரிசையாக அமுக்கினார்கள். பொம்மைக்குக் கண் எழுதுகிற திரௌபதியைத் தெரியுமே. முடியளவு பிசகாத கை. அந்த மவுஸைப் பிடித்ததும் திரையில் அம்பு எங்கெங்கோ ஓடியது. ஒன்று அமுக்கிவிட்டு, "எங்க வூட்டுக்காரரு பேருக்கு ஒண்ணு அமுக்கிடுறேன், அவுரு வரல" என்றாள். அப்புறம் மஸ்கட்டில் இருக்கிற தம்பி பேருக்கும் ஒன்று. அதைப் பார்த்து எல்லாரும் வராதவர்கள் பேருக்கும் அமுக்க ஆரம்பித்தார்கள். தர்மராஜ் செத்துப்போன தன் அப்பா பேருக்கு அமுக்கினான். அவர் சாவுக்கு நான் கோடித் துணி போட்டவனாம்.

ஜூடு மட்டும் கொஞ்சம் தயங்கினார். "ஐயா, ஒரே எடத்துலேருந்து இத்தன பேரு அமுக்கலாமான்னு தெரியலியே" என்றார். "மொய்யில எங்கியாவது கூட்டம் அதிகம்னு திருப்பி அனுப்புவாங்களா தம்பி" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

வெளியே வந்தபோது எனக்குக் கல்யாண வீட்டு வாசலில் நின்று அனுப்பி வைப்பது போலவே இருந்தது. எல்லாரையும் கும்பிட்டு அனுப்பினேன். நீ தூரத்தில் தனியாக இருப்பதாக நினைக்காதே. தீபாவளிக்கு வரும்போது திரௌபதிக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்.

உன்னை நினைத்து நிம்மதியாகத் தூங்குகிற
அப்பா, கொளஞ்சிநாதன்


விருத்தாசலம்
2-11-2008

அன்பு மகள் சண்முகப்ரியாவுக்கு,

நீ தீபாவளிக்கு வராமல் போனில் பேசிய அன்றிலிருந்து இந்தக் கடிதத்தை எழுத நினைக்கிறேன். பேனாவை எடுத்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. என் கடிதம் மழையில் எங்கோ தங்கி உனக்குத் தாமதமாக வந்திருக்கிறது. அதற்குள் நீ போன் செய்து, "அப்பா, நம்ம ஊர்ல யாராச்சும் என் விளம்பரத்த அமுக்குனாங்களா?" என்று கேட்டாய். "எல்லாரும்தாம்மா" என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். அன்றைக்கு வந்தவர்கள் பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

உறவுக்காரர்களும் தெரிந்தவர்களும் அமுக்கக்கூடாது, அது கள்ள வரவு என்று கம்பெனி உன் கணக்கை மூடிவிட்டது என்றாய். வர வேண்டியதும் வராது என்றாய். அப்புறம் "விடுங்கப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றாய். நீ திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம்.

ஜூடுவிடம் போய்க் கேட்டேன். அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். விளம்பரம் கொடுத்த கடைக்காரர் ஒவ்வொரு அமுக்கலுக்கும் காசு கட்டுகிறார். மீன் தொட்டி வாங்க ஆள் வருகிறது என்று நம்பிக் கட்டுகிறார். நாங்கள் யாரும் தொட்டி வாங்கப் போகவில்லை. பந்தியில் உட்கார்ந்தவன்தான் சாப்பாடு நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். சமைத்தவளின் அப்பன் ஆள் பிடித்து வந்து சொல்ல வைத்தால் அது பொய்தானே. எனக்கு இது அப்போது தோன்றவில்லை.

அம்மா சும்மா இருக்கவில்லை. மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பரிடம் அந்தக் கம்பெனி மேல் பிராது கட்டியே ஆக வேண்டும் என்று நின்றாள். "ஒங்க பேரே அவரு பேரு, கேக்காம வுடுவாரா" என்றாள். போனோம். இதுவரைக்கும் எனக்கு யாராவது பிராது எழுதிக் கொடுப்பார்கள், நான் அந்தத் தாளைச் சன்னதியில் கட்டிவிட்டு வருவேன். இந்தத் தடவை நானே தாள் வாங்கி உட்கார்ந்தேன். என் பெயர், ஊர் எழுதினேன். யார் மேல் பிராது என்று எழுத வேண்டிய இடம் வந்தது. கம்பெனி பெயரை எழுதக் கை ஓடவில்லை. அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்? தப்பு செய்தவன் பெயரைத்தான் மேலேயே எழுதியிருந்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது அம்மா, "கோயிலுக்குப் போயி பிராதையே திருப்பி எடுத்துக்கிட்டு வந்த மனுசன் ஒலகத்துலயே நீங்கதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆனால் நேற்று சோறு போடும்போது அவளாகவே, "தைன்னு சொன்னது நான் வாயில வந்தத சொன்னது. ஆடி வரைக்கும் பாக்கட்டும்னு எழுதுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. அதையும் இங்கே எழுதிவிட்டேன்.

கணக்கைத் திறக்கச் சொல்லி ஒரே ஒரு தடவை எழுதிக் கேட்கலாம், அதிலும் மறுத்துவிட்டால் அவ்வளவுதான் என்று சொன்னாயே. அதற்கு ஜூடு, "வேண்டாதவங்க எவனோ செஞ்சிட்டான், யாருன்னு தெரியலன்னு எழுதச் சொல்லுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றார். தர்மராஜும் அதுதான் சரி என்றான். எனக்கு மனசு ஒப்பவில்லை. அன்றைக்கு வந்து அமுக்கியவர்களில் உனக்கு வேண்டாதவர் என்று ஒருவரும் இல்லை. அவர்களை நான் எப்படி அப்படி எழுத விடுவேன்.

அதனால் கம்பெனிக்கு நானே எழுதியிருக்கிறேன். இதோடு வைத்திருக்கிறேன். நீ அதை இங்கிலீஷில் மாற்றி அனுப்பு. அழகுபடுத்த வேண்டாம், உள்ளது உள்ளபடி இருக்கட்டும். நீ வேறு மாதிரி எழுத நினைத்தால் எழுது, இது உன் பிழைப்பு. ஆனால் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை இதைப் படித்துவிடு.

சாப்பிடாமல் இருக்காதே. மீன்களுக்கு வேளா வேளைக்குப் போடுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

உன் அப்பா


விருத்தாசலம்
கடலூர் மாவட்டம்
2-11-2008

விளம்பரக் கம்பெனியில் இதைப் படிக்கிற ஐயாவுக்கு அல்லது அம்மாவுக்கு விருத்தாசலம் கொளஞ்சிநாதன் வணக்கத்துடன் எழுதுவது.

மீன்களைப் பற்றி எழுதுகிற சண்முகப்ரியா என் மகள். அவள் கணக்கை நீங்கள் மூடியிருக்கிறீர்கள். போன மாதம் 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒரே கடையிலிருந்து உங்கள் விளம்பரங்களை அமுக்கியது நாங்கள்தான். கூட்டிக்கொண்டு போனவன் நான். அவளுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பாள்.

நாங்கள் ஏன் செய்தோம் என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் நல்லது நடந்தால் போகிறவர்கள் தங்களால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு வருவார்கள். மொய் என்று பெயர். கொடுக்காமல் வந்தால் அந்த வீட்டு நல்லது எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று ஆகிவிடும். ஒரு பெண் தனக்குப் பிடித்ததை எழுதிச் சோறு சாப்பிடுகிறாள் என்பது எங்கள் தெருவில் இதற்கு முன்னால் நடந்ததில்லை. அது எங்களுக்குக் கல்யாணம் மாதிரிதான் இருந்தது. அதனால் போனோம். விளம்பரத்துக்குப் பின்னால் காசு கட்டுகிற கடைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் காசை நீங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது நியாயம்.

இது வேறு யாரோ செய்தது என்று எழுதினால் நீங்கள் நம்பலாம் என்று சொன்னார்கள். அப்படி எழுதினால் என் மகள் பொய்யின் மேல் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும். அவள் ராத்திரி வேலைக்குப் போய் மெலிந்ததைப் பார்த்தவன் நான். அது உடம்புக்கு வந்த கேடு, சாப்பிட்டால் தேறும். இது அப்படித் தேறாது.

இனி நாங்கள் ஒருவரும் அந்த விளம்பரங்களைத் தொடமாட்டோம். எங்கள் ஆட்கள் எல்லாரிடமும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். பெற்றவனால் பிள்ளைக்குச் செய்ய முடியாத காரியம் ஒன்று இருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அதைச் செய்யக்கூடியவர்கள் அவளை முன்பின் பார்க்காதவர்கள். எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் தன் வீட்டு மீன் சாகக் கிடக்கிறதே என்று தேடிக்கொண்டு வந்து, அவள் எழுதியதைப் படித்து, மருந்தோ தொட்டியோ வேண்டும் என்று தானாக அமுக்குவார். அவர் வருகிற வழியை மட்டும் திறந்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் முடியாது என்று சொன்னாலும் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீங்களும் உங்கள் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருங்கள். எனக்குப் பெயர் தெரியாத அந்த மனிதர் எந்த ஊரில் இருந்தாலும், அவரும் அவர் வளர்க்கிற மீனும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சண்முகப்ரியாவின் அப்பா
கொளஞ்சிநாதன்