இனி இவருக்குப் பதிலாக

2007, ஜூன் 4

ஷூட்டிங் முடிந்து சென்னையிலிருந்து காலையில் வந்து இறங்கினேன். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாடகத்துல வார கஸ்தூரி நீங்கதான? மாமியாகிட்ட இம்புட்டு அடங்கிப் போகாதீகம்மா!"

சிரித்தேன். மன்னாரிலிருந்து படகில் வந்து, பதினேழு வருடமாக இங்கே அகதி முகாமில் இருக்கிறேன். இதற்கு முன் இந்த ஊரில் யாரும் என் கையைப் பிடித்ததில்லை.

ஜூன் 5

கஸ்தூரியின் முகம்தான் என்னுடையது. குரல் வேறொருத்தியுடையது. "உங்க சிலோன் தமிழ் எடுபடாதும்மா" என்று புரொடக்ஷன் மேனேஜர் ஜெயச்சந்திரன் முதல் நாளே சொல்லிவிட்டார். இருக்கட்டும். முகமாவது டிவியில் வருகிறதே.

ஜூலை 2

முகாமில் செக்கிங். இனி யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாதாம். அதிகாரியிடம் கெஞ்சினேன்.

"எங்க வீட்டுலயும் உன் நாடகம்தான் பாக்காக. மேல இருந்து உத்தரவும்மா, நான் என்ன செய்ய?"

அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

ஜூலை 5

ஜெயச்சந்திரன் போனில் கத்தினார். ஞாயிற்றுக்கிழமை நான் போகாவிட்டால் வேறு ஆள். போய், இங்கே செக்கிங்கில் ஆள் இல்லையென்றால் முகாம் பதிவு ரத்து. அம்மாவுக்கும் சேர்த்து.

"என்னைப் பாக்காத, பிள்ளை. நீ போ" என்கிறாள் அம்மா.

ஜூலை 7

போனேன். மதுரை வரைக்கும்தான். சென்னை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் விட்டேன். கண்டக்டர் விசில் ஊதினதும் இறங்கிட்டன் — ஏன் இறங்கினனான்? அம்மா தனிய செக்கிங் வரிசையில நிண்டு, மகள் எங்க எண்டு கேட்டா என்னத்தச் சொல்லுவா? நான் என்ன களவா எடுத்தனான்? ஆரிட்டப் போய்ச் சொல்ல?

ஜூலை 8

ஷூட்டிங் நடந்திருக்கும்.

ஜூலை 23

பக்கத்து வீட்டு டிவி முன்னால் எல்லோரும் கூடியிருந்தோம். கஸ்தூரி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வேறு முகம். கீழே எழுத்து ஓடியது: இனி இவருக்குப் பதிலாக இவர். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அம்மா எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 10

தீபாவளி சீசன். சிவகாசி பட்டாசுக் கம்பெனி வேன் காலையில் முகாம் வாசலுக்கே வருகிறது. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சரவெடி பின்னுகிறேன். முகமெல்லாம் மருந்துத் தூசி.

சாப்பாட்டு நேரத்தில் நாடகப் பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்து பின்னும் மூக்கம்மாள் அக்கா சொன்னாள்: "புதுசா வந்தவ சரியில்லத்தா. முந்தி இருந்தவதான் கஸ்தூரி. அவ எங்கன போனாளோ! சினிமாவுல பெரிய ஆளாயிருப்பா."

"இருக்கும்க்கா" என்றேன்.